வாசலில் நின்றுபோன சீட்டு

"அப்பா, இந்த மாமா சீட்டை வாங்கி வெச்சுக்கிட்டு உள்ள குடுக்கலேன்னா, உள்ள இருக்கறவங்க யாரைத் திட்டுவாங்க?"

சர்வர்காரரின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அப்பா வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வருகிறவர்களிடம் மருத்துவர் எழுதிய சீட்டை வாங்கி, உள்ளே ஜன்னலில் கொடுத்துவிட்டு வருவது அங்கே காவலாளியின் வேலை.

"அப்படியெல்லாம் நடக்காதும்மா."

"நடந்தா?"

"நடந்தா... வந்து நிக்கறவங்களைத்தான் திட்டுவாங்க. சீட்டு ஏன் கொண்டு வரலேன்னு."

"அவங்கதான் கொண்டு வந்தாங்களே?"

சர்வர்காரர், அடிக்காத அலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். பெரியவர்கள் குழந்தைகளிடம் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. நிலையத்தில் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. இரண்டாம் மாடியில், குளிரூட்டிய சிறு அறையில் இரைந்துகொண்டிருக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதால் அவர் சர்வர்காரர். கேலி செய்ய நினைப்பவர்கள் 'காரரை' விட்டுவிட்டு, "சர்வர், ரெண்டு காபி!" என்பார்கள். முதல் வருடம் சிரித்தார். அப்புறம் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்.

நிலையத்துக்கு நகரின் பல மூலைகளில் பதினொரு கிளைகள். அங்கே ரத்தம் எடுப்பார்கள், குழாய்கள் இங்கே வரும், முடிவுகள் இங்கிருந்து போக வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு சின்ன நிரல் உண்டு. தன் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒவ்வொரு முறையும் தலையில் சுமந்துகொண்டு தலைமையகத்துக்கு வந்து, "இன்னாருக்கு ரிசல்ட் வந்தாச்சா?" என்று கேட்கும். வாசலில் நின்று அதை வரவேற்பது வெப் சர்வர். உலகத்தோடு பேச அதற்குத் தெரியும், ரத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. முடிவுகளைத் தேடி எடுத்துத் தருவது உள்ளே உட்கார்ந்திருக்கும் பயன்பாடு என்கிற நிரல். அது ஃபிரேம்வொர்க் என்ற வேறொரு சட்டகத்தில், வேறொரு மொழியில் எழுதப்பட்டது. இரண்டுக்கும் நடுவே வாங்கிக் கொடுத்து வாங்கி வருவதற்காக, சர்வரோடு பொருத்திவைக்கும் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. மாட்யூல் என்பார்கள். எதை உள்ளே கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்று அதற்கு ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். எழுதாத விஷயத்தில் அது தன் இயல்புப்படி நடந்துகொள்ளும். மனிதர்களும் அப்படித்தான்.

அந்தக் கோப்பு இருநூற்றுப் பதினேழு வரிகள். ஏழு வருடங்களில் சர்வர்காரர் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை.

இப்படி இருக்கையில்தான் மேதை வந்தார்.

மேதை என்பது அவருக்கு நிலையம் வைத்த பெயர், அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. அவர் தனக்கு வைத்துக்கொண்ட பட்டம் இதைவிட நீளமானது. மின்னஞ்சலின் அடியில் நான்கு வரிக்கு வரும். பணிவை ஆண்டவன் எல்லாருக்கும் கொஞ்சம் கொடுத்துத்தான் அனுப்புகிறான். சிலர் அதைப் பாரம் என்று நினைத்து வழியிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மேதை அதை இறக்கிவைத்த இடம்கூட அவருக்கு நினைவில்லை. பெரிய நிறுவனத்தில் இருந்து வந்தவர். எதைப் பார்த்தாலும், "நாங்க அங்க இப்படியா பண்ணுவோம்?" என்பார். 'அங்கே' இருந்து ஏன் வந்தார் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

முதல் கூட்டத்தில் திரையில் கட்டங்களும் அம்புக்குறிகளும் காட்டினார். எல்லா அம்புகளும் நடுவில் இருந்த ஒரு கட்டத்துக்குப் போய், அங்கிருந்து கிளம்பின. அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று மேனேஜர் கேட்டார்.

"அதுதான் சார் அழகே!" என்றார் மேதை.

மேனேஜர் தலையை ஆட்டினார். புரியாததற்கு எல்லாம் தலையாட்டித்தான் அவர் மேனேஜர் ஆனார்.

கூட்டம் முடிந்ததும் மேதை சர்வர்காரரின் அறைக்கு வந்து, கோப்பைத் திறக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்தார்.

"என்ன பாஸ் இது, மளிகைச் சிட்டை மாதிரி? ஒரு மாட்யூலை மாட்டறதுக்கு இருநூறு வரியா? பதினாலு வரி போதும்."

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு சார்."

"அப்படியா? இது எதுக்கு?" ஒரு வரியில் விரலை வைத்தார்.

சர்வர்காரர் பார்த்தார். தான் எழுதிய வரிதான். நான்கு வருடம் முன்பு, இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு போட்டது என்பது மட்டும் நினைவிருந்தது. எதற்கு என்பது நினைவில்லை. மேலே ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கலாம். அன்றைக்கு வேலை செய்துவிட்டது என்ற சந்தோஷத்தில் சாப்பிடப் போய்விட்டார்.

"எதுக்கோ போட்டேன் சார்..."

"எதுக்கோ!" மேதை உரக்கச் சிரித்தார். "எதுக்குன்னு தெரியாத வரி எதுக்கு?"

நியாயமான கேள்விதான். அந்த வருடம் மேதை கேட்ட ஒரே நியாயமான கேள்வி. விடை தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் அவருக்கு இல்லை. வரி போயிற்று. கூடவே இருநூற்றிரண்டு வரிகள் போயின.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் புதிய ஏற்பாடு தொடங்கியது. பாதுகாப்புக்காக என்று பதினொரு கிளைகளுக்கும் புதிய கடவுச்சொற்கள். முந்தின நாளே அவற்றைத் தொலைபேசியில் கிளைகளுக்குச் சொல்லும் வேலை ரிசல்ட் அக்காவிடம் கொடுக்கப்பட்டது.

ரிசல்ட் அக்கா இருபத்திரண்டு வருடமாக அந்த மேசையில் இருப்பவள். அவசர முடிவுகளை மருத்துவர்களுக்குத் தொலைபேசியில் படித்துச் சொல்வதும் அவள்தான். எதையும் இரண்டு தடவை சொல்வாள். "ஹீமோகுளோபின் பதினொண்ணு புள்ளி நாலு. ஒண்ணு, ஒண்ணு, புள்ளி, நாலு. எழுதிட்டீங்களா? எங்கே, படிங்க." அந்தப் பக்கம் இருப்பவர் எவ்வளவு பெரிய மருத்துவரானாலும் திருப்பிப் படிக்காமல் விடமாட்டாள். கடவுச்சொற்களையும் அப்படியே சொன்னாள். அவளுக்கு இது ஜபம் மாதிரி.

எட்டு பத்துக்கு முதல் தொலைபேசி. எட்டரைக்குள் பதினொன்றும் வந்துவிட்டன. எல்லாக் கிளைகளுக்கும் ஒரே பதில்: 'அனுமதி இல்லை.'

மேதை பதறவில்லை. தன் கணினியில் உலாவியைத் திறந்தார். உள்நுழையும் பக்கத்தில் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினார், உள்ளே போனார். திரையை மேனேஜர் பக்கம் திருப்பினார்.

"பாருங்க சார். எனக்கு வேலை செய்யுது."

இந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் எத்தனை பேர் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒருநாள் ஆண்டவன் திரையை விலக்கினால் தெரியும்.

"அப்ப கிளைங்களுக்கு ஏன் வரல?"

"சிம்பிள். சிஸ்டம் சரி. பாஸ்வேர்ட் தப்பு. போன்ல யார் சொன்னாங்க?"

எல்லார் தலையும் ரிசல்ட் அக்கா பக்கம் திரும்பியது. அவள் தொலைபேசியில் யாருக்கோ சர்க்கரை அளவை இரண்டாம் தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் சரியாத்தான் சொன்னேன் சார். ஒவ்வொருத்தரும் திருப்பிப் படிச்சாங்க."

"பதினோரு பேருக்கும் ஒரே நேரத்துல காது கேக்காம போயிடுச்சாக்கா?" என்றார் மேதை. இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களுக்கு அடுத்த மாதம் சம்பள உயர்வு பற்றிய பேச்சு இருந்தது.

மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை, யோசனை வந்தது. அது அடிக்கடி வராதது, வந்தால் யாருக்காவது நஷ்டம். "பாஸ்வேர்டையே தப்பா சொல்றவங்க, நாளைக்கு ஒரு பேஷண்டோட ரிசல்ட்டைத் தப்பா சொன்னா?" என்றார். பிறகு அலமாரியைத் திறந்து, தடித்த பணிப் பதிவேடுகளில் ஒன்றை இழுத்தார். அவருக்குப் பழைய பதிவேடுகளைப் புரட்டுவதில் ஒரு தனி ருசி. கால் மணி நேரத்தில் தேடியது கிடைத்துவிட்டது. ஆறு வருடம் முந்திய ஒரு பக்கம். 'காலை முடிவுகள் மூன்று மணி நேரம் தாமதம். பொறுப்பு: ரிசல்ட் மேசை.' கீழே அக்காவின் கையெழுத்து. அதைச் சுற்றி அன்றைய மேனேஜர் போட்ட சிவப்பு வட்டம்.

"ஆக, இது முதல் தடவை இல்ல."

அக்கா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

"இனிமே இந்த மேசைல உங்களை வெச்சிருக்க முடியாது. நாளைக்கு மூணு மணிக்கு லெட்டர் வாங்கிக்குங்க."

அறையின் மூலையில் நின்றுகொண்டிருந்த சர்வர்காரருக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு காலை, பழைய கோப்புகளை அழிப்பதாக நினைத்துத் தவறான கோப்புறையில் நின்றுகொண்டு கட்டளையைத் தட்டிவிட்டார். அன்றைய இருநூற்றுப் பன்னிரண்டு முடிவுகள் போய்விட்டன. நகல் எடுத்துவைக்கும் ஏற்பாட்டை அடுத்த வாரம் செய்யலாம் என்று இருந்தார். முகம் வெளுத்து ரிசல்ட் மேசைக்குப் போய் நின்றவரைப் பார்த்து அக்கா கேட்டாள், "அழிச்சிட்டியா?" அவர் தலையாட்டினார். பரிசோதனை இயந்திரம் துப்பிய காகிதச் சுருளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, முதலில் இருந்து தட்டத் தொடங்கினாள். பதிவேட்டிலும் அவளே எழுதினாள்.

"அக்கா, இது என் தப்பு..."

"நீ புதுசு தம்பி. உன்னை அனுப்பிடுவாங்க. நான் சுவத்துல அடிச்ச ஆணி மாதிரி. என்னை யார் பிடுங்கப் போறாங்க? போ, முகத்தைக் கழுவு."

நன்றி என்றுகூட அன்றைக்கு அவர் சொல்லவில்லை. அப்புறம் சொல்லலாம் என்று இருந்து, அப்புறம் என்பது ஆறு வருடம் ஆகிவிட்டது.

இப்போது ஆணியைப் பிடுங்குகிறார்கள். பேச வேண்டிய நேரம் அதுதான். சர்வர்காரர் பேசவில்லை. இந்தத் தடவை அலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அவருக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது, அக்காவுக்கு வயதாகிறது, ஒருவேளை தவறிச் சொல்லியிருப்பாளோ என்று. தனக்காகப் பழியைச் சுமந்தவளையே சந்தேகப்படுகிற மனதை என்னவென்று சொல்வது?

அக்கா அந்த நேரம் முழுவதும் அவர் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள்.

அன்று முழுக்கவும் புதன் காலையும், பதினொரு கிளைகளுக்கும் முடிவுகளை அவளே தொலைபேசியில் படித்தாள். வேலையை விட்டு அனுப்பப்படுகிறவள், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. மேதை தன் பதினாலு வரிக் கோப்பை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு அக்கா சர்வர்காரரின் அறைக்கு வந்தாள். குளிருக்கு முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தம்பி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்கக்கா."

"எனக்கு இந்த மெஷின் சமாச்சாரம் தெரியாது. ஆனா பாஸ்வேர்ட் தப்புன்னாலும், வந்தது யாருன்னாவது உள்ள தெரியுமில்ல? இன்ன கிளை வந்துச்சு, தப்பா சொல்லிச்சுன்னு? அது எங்கேயாவது எழுதியிருக்குமா?"

சர்வர்காரர் அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பயன்பாட்டின் பதிவுக் கோப்பைத் திறந்தார். நேற்று எட்டு மணியில் இருந்து நூற்றுக்கணக்கான வரிகள். ஒவ்வொன்றிலும் நேரம் இருந்தது, மறுப்பு இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு.

"அக்கா..."

"என்ன, என் தப்புதானா?"

"பெயரே உள்ள வரலக்கா. பாஸ்வேர்டும் வரல. எதுவுமே வரல."

"அவங்க அனுப்பலியா?"

"அனுப்பறாங்க. வாசல் வரைக்கும் வந்திருக்கு." சொல்லிவிட்டு நிறுத்தினார். ஒரு சின்னக் கை தன் விரலைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. இந்த மாமா சீட்டை வாங்கி வெச்சுக்கிட்டு உள்ள குடுக்கலேன்னா?

அந்த வரி நினைவுக்கு வந்தது. கிளைகள் தலையில் சுமந்து வரும் பெயரையும் கடவுச்சொல்லையும் அந்த மாட்யூல் தானாக உள்ளே கொடுக்காது. கொடு என்று ஒரு வரி எழுதினால்தான் கொடுக்கும். மேதை உலாவியில் போனபோது உள்நுழையும் பக்கத்தில் தட்டியது வேறு வழியாகப் போனது, அதனால் அவருக்கு வேலை செய்தது. கிளைகளின் நிரல்களுக்கு அந்த வழி தெரியாது. எதுக்கோ போட்ட வரி இதற்குத்தான்.

மேதையிடம் போய்ச் சொன்னார். மேதை திரையைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று ஒரு நொடி எட்டிப் பார்த்தது. வெட்கமாக இருந்திருக்கலாம். வந்த வேகத்தில் போய்விட்டது.

"ஓ, அதுவா? அதை நான் அடுத்த கட்டத்துல பண்ணலாம்னு வெச்சிருந்தேன்."

"இப்ப சேர்த்துடலாமா சார்?"

"சேருங்க, சேருங்க. அவசரப்படறாங்களே எல்லாரும்."

சர்வர்காரர் வரியைச் சேர்த்தார். இந்தத் தடவை அதன் மேலே மூன்று வரிக் குறிப்பும் எழுதினார். கோப்பைச் சரிபார்த்து, சர்வரை மறுபடி கிளப்பினார். ஐந்து நிமிடத்தில் பதினொரு கிளைகளும் உள்ளே வந்தன. பத்தாவது நிமிடம் மேதையின் மின்னஞ்சல் எல்லாருக்கும் வந்தது. தான் செய்த ஒரு நுட்பமான மேம்பாட்டால் சேவை சீரடைந்தது என்று இருந்தது. மேனேஜர் அதற்கு மூன்று கைதட்டல் படங்களைப் பதிலாக அனுப்பினார்.

சர்வர்காரர் மேனேஜர் அறைக்கு ஓடினார்.

"சார், அக்கா சொன்னது சரிதான். பாஸ்வேர்டுல தப்பே இல்ல. லெட்டர் வேண்டாமே சார்."

மேனேஜர் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். நல்ல தாளில் அடித்திருந்தது.

"இதுல தப்பில்லதான். ஆனா இதைத் தேடப் போய் அந்தச் சிவப்பு வட்டம் கிடைச்சுதே?"

"அது ஆறு வருஷத்துக்கு முன்னாடி சார்."

"வட்டம் வட்டம்தானே? அது மட்டும் இல்லேன்னா இப்பவே கிழிச்சுப் போட்டுருவேன்யா. எனக்கென்ன அந்தம்மா மேல கோவமா? ஆனா எழுத்துல இருக்கே. எழுத்துல இருக்கறதை நான் எப்படி இல்லேன்னு சொல்றது?" கடிதத்தைப் பதிவேட்டின் மேல் வைத்து, எழுந்தார். "சாப்பிட்டு வந்து மூணு மணிக்குக் குடுத்துடறேன்."

எழுத்தை மதிக்கிறவர் அவர். எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்பதெல்லாம் எழுத்தில் வராது என்பதால் அது அவருக்குத் தொந்தரவு தருவதில்லை.

ஒரு மணிக்கு மாடி காலியாகிவிட்டது. எல்லாரும் கீழே சாப்பிடப் போயிருந்தார்கள். மேதையின் சிரிப்பு படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. சர்வர்காரர் சாப்பாட்டுப் பையை எடுத்தார், திரும்ப வைத்தார். நடந்து மேனேஜர் அறைக்குள் போனார். கதவு திறந்தேதான் இருந்தது.

கடிதத்தை நகர்த்திவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். பக்கம் தெரியும். ஆறு வருடத்தில் வட்டத்தின் சிவப்பு பழுப்பாகியிருந்தது. அதற்குள் அவள் கையெழுத்து, ஒரு எழுத்தும் சாயாமல், நேராக. தன் மகளின் முகம் வந்தது, அடுத்த மாத வாடகை வந்தது, மேதை சொல்லப்போகும் நகைச்சுவை வந்தது. எல்லாவற்றையும் வரவிட்டார். பிறகு பேனாவைத் திறந்து வட்டத்துக்குக் கீழே எழுதினார்:

'இந்தத் தாமதத்துக்கு ரிசல்ட் மேசை பொறுப்பல்ல. அன்று காலை முடிவுகளை அழித்தவன் நான். இருநூற்றுப் பன்னிரண்டையும் காகிதத்தைப் பார்த்து மறுபடி தட்டியவர் அவர்.'

தேதி போட்டார். அங்கே யாரும் பயன்படுத்தாத தன் சொந்தப் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டார்.

மை காயும் வரை நின்றார். பிறகு, யாரும் இல்லாத அந்த அறையில், எழுதியதை மெல்லிய குரலில் ஒரு தடவை படித்தார். எண் வந்த இடத்தில் நிறுத்தி, தனித்தனியாகச் சொன்னார். ரெண்டு, ஒண்ணு, ரெண்டு. மறுபடி முதலில் இருந்து இன்னொரு தடவை படித்தார். சரியாகத்தான் இருந்தது. பதிவேட்டை மூடாமல், அந்தப் பக்கம் மேலே தெரியும்படி கடிதத்தின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.